வெப்பத்தின் வரவுசெலவு: விளையாட்டு மடிக்கணினி கடந்து வந்த வழி

கணினிச் செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும், அது எத்தகைய கணக்கைச் செய்தாலும், இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. 45 வாட் மின்திறன் உள்ளே சென்றால் 45 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் சிலிக்கான் சில்லின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். மேசைக்கணினியில் இவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ளப் பெரிய உலோகக் கட்டிகளுக்கும் விசிறிகளுக்கும் இடமிருக்க, இரண்டு செண்டிமீட்டர் தடிமனுக்குள் மின்கலம், விசைப்பலகை, திரை ஆகிய அனைத்தையும் அடக்கிய மடிக்கணினியில் அந்த இடம் கிடையாது. எழுத்துப்பணி செய்யும்போது செயலி பெரும்பாலான நேரம் வேலையின்றிக் காத்திருக்கிறது. நிகழ்பட விளையாட்டோ மையச் செயலியையும், காட்சிகளைத் தீட்டும் கிராஃபிக்ஸ் செயலியையும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் முழு அளவில் உழைக்க வைக்கிறது. ஆதலால் மடிக்கணினிகள் வெப்பத்தோடு நடத்திவந்த நெடிய பேரத்தின் ஒவ்வொரு கட்டமும் முதலில் வெளிப்பட்டது விளையாடுவோரிடமே. தொடக்கத்தில் பழுதாகக் கருதப்பட்ட வெப்பம் பின்னர் தாண்டமுடியாத எல்லையாயிற்று. இறுதியில், வேகத்தை வாங்கச் செலவிடப்படும் கையிருப்பாக மாறியது.

கணினிக்கும் வெப்பத்துக்கும் உள்ள பிணக்கு மடிக்கணினிக்கு மிக முந்தியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணினி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டு 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரத்தை உண்டது. அதன் வெப்பத்தை வெளியேற்றவே தனிக் காற்றூதிகள் தேவைப்பட்டன. குழல்களின் இடத்தில் டிரான்சிஸ்டர்கள் வந்து, அவையும் ஒரே சில்லில் பலவாகச் சேரத்தொடங்கிய காலத்தில், 1965இல் கார்டன் மூர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை பெருகும் என்ற கணிப்புக்காகவே இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் அக்கட்டுரையில் வெப்பத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. இத்தனை உறுப்புகள் ஒரே சில்லில் கூடினால் அவற்றின் வெப்பத்தை அகற்ற முடியுமா என்ற கேள்வியை மூரே எழுப்பி, சில்லின் பரப்பு தட்டையானது என்பதாலும், உறுப்புகள் சிறுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் மின்திறன் குறையும் என்பதாலும் முடியும் என்று விடையளித்தார்.

அந்த நம்பிக்கைக்கு முறையான கணக்கை 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய உடன்பணியாளர்களும் வழங்கினர். ஒரு சில்லின் இயங்குதிறன் மூன்றின் பெருக்கலைப் பொறுத்தது: மின்தேக்குதிறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், கடிகார வேகம் எனப்படும் வினாடிக்கான துடிப்புகளின் எண்ணிக்கை. டிரான்சிஸ்டரின் நீள அகலங்களைக் குறைக்கும் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், வேகம் கூடினாலும் ஒரு சதுர மில்லிமீட்டரில் தோன்றும் வெப்பம் மாறாது என்பதே டெனார்டு விதியின் சாரம். அடுத்த முப்பது ஆண்டுகள் கணினித்துறை இந்த விதியின் தயவிலேயே வாழ்ந்தது எனலாம். இயங்குதிறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது என்ற ஒரு செய்தியை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னாளில் விளையாடுவோர் தம் மடிக்கணினிகளில் செய்துபார்த்த பெரும்பாலான திருத்தங்களின் காரணம் விளங்கிவிடும்.

இன்றைய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றுக்கு உயிர்நாடியான வெப்பக்குழாய் கணினிக்காகப் பிறந்ததன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் என்பவர் குளிர்பதனக் கருவிகளுக்காக இதே கருத்தமைந்த அமைப்பொன்றை வகுத்து 1942இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1944இல் அதைப் பெற்றார். பயன்படுத்துவோர் இன்றி அது கிடப்பில் போயிற்று. 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளிக்கான அணுவுலைகளிலிருந்து வெப்பத்தைக் கடத்தும் வழியைத் தேடியபோது, காக்லரின் பணியை அறியாமலேயே அதே அமைப்பை மீண்டும் கண்டறிந்தார். அதன் செயல்முறை எளியது. இரு முனைகளும் அடைக்கப்பட்ட குழாய்க்குள் சிறிதளவு நீர்மம் மட்டும் விடப்பட்டு, காற்று நீக்கப்படுகிறது. சூடான முனையில் நீர்மம் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு விரைந்து, இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் ஆவி படிந்து நீராவதைப் போல அங்கே குளிர்ந்து, தான் சுமந்துவந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. பின் குழாயின் உட்சுவரில் பதிந்துள்ள நுண்துளைப் படலம் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நீர்மத்தைச் சூடான முனைக்கே திருப்பி இழுத்துவருகிறது. குரோவரின் தொடக்கக் குழாய்களில் உருகிய சோடியம் ஓடியது. மடிக்கணினியில் உள்ளவை தட்டையாக நசுக்கப்பட்ட செம்புக்குழாய்கள். அவற்றுள் இருப்பது தண்ணீரே. உள்ளே அழுத்தம் மிகக் குறைவாதலால் அத்தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடுகிறது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், அதே அளவுள்ள திண்மச் செம்புக் கம்பியைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் இச்சாதனம் இல்லையேல் விளையாட்டு மடிக்கணினி என்றொரு பொருளே உருவாகியிருக்காது.

ஆயினும் முதல் மடிக்கணினிகளுக்கு வெப்பக்குழாய் தேவைப்படவில்லை. பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்து 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ், திரையை மடித்து மூடும் அமைப்பைக் கொண்ட தொடக்கக் கணினிகளுள் புகழ்பெற்றது. அதன் மக்னீசியக் கூடே வெப்பத்தை வாங்கிச் சுற்றியுள்ள காற்றில் கலக்கும் ஹீட் சிங்க் ஆகவும் பயன்பட்டது, விசிறி கிடையாது. 1990இல் இன்டெல் நிறுவனம் கையடக்கக் கணினிகளுக்கென்றே வெளியிட்ட 386எஸ்எல் செயலி, வேலையில்லாத உறுப்புகளை உறங்கவைக்கும் வசதியோடு வந்தது. அதன் நோக்கம் வெப்பத்தைக் குறைப்பதைவிட மின்கலத்தின் ஆயுளை நீட்டிப்பதாகவே இருந்தது. நிலைமையை மாற்றியது 1993 மார்ச்சில் வெளிவந்த பென்டியம். 5 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கிய முதல் பென்டியம் 15 வாட் அளவுக்கு வெப்பத்தை உமிழ்ந்தது. மேசைக்கணினிகளிலேயே செயலியின் மேல் தனி விசிறி பொருத்துவது அதன் பின்னரே வழக்கமாயிற்று. மின்னழுத்தம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிய அடுத்த தலைமுறையைக்கூட மடிக்கணினிக்குள் வெறும் உலோகத் தகட்டால் குளிர்விக்க இயலவில்லை. 1990களின் நடுப்பகுதியில்தான் சிறு விசிறியும் செம்பு வெப்பக்குழாயும் மடிக்கணினிக்குள் இடம்பெறத் தொடங்கின. கீழிருந்து காற்றை உறிஞ்சி, மெல்லிய உலோக இதழ்களின் ஊடே பக்கவாட்டில் ஊதித்தள்ளும் இந்த ஏற்பாடு, அளவில் வளர்ந்ததே அன்றி அடிப்படையில் இன்றுவரை மாறவில்லை.

வெப்பத்தை வெளியேற்றுவதோடு, அது தோன்றுவதையே தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் 2000 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. இன்டெல் அப்போது அறிமுகப்படுத்திய ஸ்பீட்ஸ்டெப் முறையில், மடிக்கணினிக்கான பென்டியம் 3 செயலி சுவர் மின்சாரத்தில் 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டிலும், மின்கலத்தில் 500 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.35 வோல்ட்டிலும் இயங்கியது. டெனார்டு காலத்துச் சூத்திரத்தில் இவ்வெண்களை இட்டுப்பார்த்தால், வேகம் 23 விழுக்காடு குறையும்போது இயங்குதிறன் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவது தெரியும். வேகத்தில் சிறிதை விட்டுக்கொடுத்து வெப்பத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம் என்ற இந்தச் சமமின்மையே, அதற்குப்பின் வந்த எல்லா உத்திகளுக்கும் அடித்தளம்.

செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் பொதுமக்கள் கண்முன் நிரூபிக்கப்பட்டது ஒரு விளையாட்டைக் கொண்டே என்பது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் கணினி இணையதளம் வெளியிட்ட படக்காட்சியில், குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையிலேயே செயலியின் மீதிருந்த ஹீட் சிங்க் அகற்றப்பட்டது. ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் செயலி நொடிகளில் புகைந்து அழிந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் விளையாட்டை மிகவும் தளர்ந்த நடையில் தொடர்ந்து ஓட்டியது. சில்லிலேயே அமைந்த வெப்ப உணரி எச்சரித்ததும் கடிகாரத் துடிப்புகளில் ஒரு பகுதியைத் தவிர்த்துவிடும் அமைப்பு அதனுள் இருந்ததே காரணம். சூடேறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இச்செயலைத்தான் இன்று விளையாடுவோர் திராட்லிங் என்று சொல்லி அலுத்துக்கொள்கின்றனர். அவர்கள் அலுப்பு நியாயமானதே. ஆயினும் இரண்டு மணிநேர ஆட்டத்துக்குப் பின்னும் சில்லு உயிரோடிருப்பது இந்தக் காவலினால்தான் என்பதை மறக்கலாகாது.

அதே 2001ஆம் ஆண்டின் பிப்ரவரியில், சான்பிரான்சிஸ்கோவில் கூடிய சில்லு வடிவமைப்பாளர் மாநாட்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், அப்போதைய போக்கு நீடித்தால் பத்தாண்டுகளுக்குள் சில்லின் ஒரு சதுர செண்டிமீட்டரில் தோன்றும் வெப்பம் அணுவுலையையும் ராக்கெட்டின் வாயையும் எட்டிவிடும் என எச்சரித்திருந்தார். டெனார்டு விதி தளரத் தொடங்கியிருந்த காலம் அது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறுத்தபோது அவை மூடியிருக்கும் நிலையிலும் மின்சாரம் கசிந்தது; கசிவு கூடியதால் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 செயலிகளில் வேகமானவை 115 வாட்டை எட்டின. அவ்வாண்டு மே மாதத்தில் அவற்றின் வாரிசாகத் திட்டமிடப்பட்ட டேஜாஸ் செயலியும், அக்டோபரில் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட்டன. மேசைக்கணினிக்கான பென்டியம் 4 சில்லுகளையே தடித்த மடிக்கணினிகளில் பொருத்தி விற்ற அக்காலத்து வழக்கமும் மெல்ல மறைந்தது. தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது: இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள இன்டெல் குழு, மடிக்கணினியை மட்டுமே கருத்தில்கொண்டு வடிவமைத்து 2003 மார்ச்சில் வெளிவந்த பென்டியம் எம், 1.6 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 25 வாட்டுக்குள் அடங்கியபடியே, தன்னைவிட வெகு உயர்ந்த கடிகார வேகமுள்ள பென்டியம் 4 செயலிகளோடு போட்டியிட்டது. 2006இல் வந்த கோர் வரிசை அவ்வழியிலேயே கிளைத்தது. சிறிய கூட்டின் நெருக்கடி, பெரிய கணினிகளுக்கும் வழிகாட்டிய காலம் அது.

இதற்கிடையே விளையாட்டு மடிக்கணினியின் வெப்ப மையம் இடம்பெயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் என்விடியா நிறுவனம் மடிக்கணினிக்கான ஜீஃபோர்ஸ் 2 கோ சில்லை அறிவித்தது முதல், கூட்டுக்குள் இரண்டாவது அடுப்பொன்று எரியத் தொடங்கியது. விளையாட்டின்போது கிராஃபிக்ஸ் செயலி உமிழும் வெப்பம் பிற்காலத்தில் மையச் செயலியினுடையதை விஞ்சியது. இரண்டும் ஒரே வெப்பக்குழாய்த் தொகுதியைப் பகிர்வதால் ஒன்றின் சூடு மற்றதன் வேகத்தைப் பறிக்கலாயிற்று. இக்காலத்தின் மிகப்பெரிய இழப்பு 2008 ஜூலையில் வெளிப்பட்டது. மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில், சில்லையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள்கள் வலுவற்றவையாக இருந்ததால் அவை வழக்கத்துக்கு மாறான விகிதத்தில் பழுதாவதாக அறிவித்த என்விடியா, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. இப்பழுதின் பாடம் ஆழமானது: சில்லைக் கொல்வது உச்ச வெப்பநிலை மட்டுமன்று. விளையாட்டைத் தொடங்கும்போது சூடேறி, நிறுத்தும்போது ஆறி, மறுநாள் மீண்டும் சூடேறும் சுழற்சியில் வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அவற்றை இணைக்கும் நுண்ணிய பற்றாசுப் புள்ளிகள் களைத்து விரிசலுறுகின்றன.

வெப்பம் தீண்டியது சில்லுகளை மட்டுமன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், மடிக்கணினியைத் தொடைமீது வைத்து நாள்தோறும் சில மணிநேரம் வீதம் பல மாதங்கள் விளையாடிய 12 வயதுச் சிறுவனின் இடத்தொடையில் தோல் வலைபோல் நிறம்மாறியிருந்ததை 2010இல் பதிவுசெய்தனர். நெருப்பருகே நெடுநேரம் அமர்வோரின் தோலில் முற்காலத்தில் காணப்பட்ட அதே மாற்றம்தான் அது. உள்ளிருக்கும் சில்லு 90 டிகிரி செல்சியஸைத் தாங்கினாலும், கையும் தொடையும் படும் கூட்டின் மேற்பரப்பு அதில் பாதியளவைக்கூட எட்டக்கூடாது என்பதால், தயாரிப்பாளர்கள் சில்லின் நலனோடு தோலின் நலனையும் கருதியே வேக எல்லைகளை வகுக்க வேண்டியிருக்கிறது.

2008இன் இறுதியில் மேசைக்கணினியிலும் 2009 செப்டம்பரில் மடிக்கணினியிலும் வந்த இன்டெல்லின் டர்போ பூஸ்ட், வெப்பத்தைக் கையிருப்பாகக் கருதும் சிந்தனையின் தொடக்கம். அம்மடிக்கணினிச் செயலிகளுள் ஒன்றான கோர் ஐ7-720 செயலியின் உறுதியளிக்கப்பட்ட வேகம் 1.6 ஜிகாஹெர்ட்ஸ், செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் கருக்களுள் ஒன்று மட்டும் உழைக்கும் நிலையில் அது 2.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறியது. 2011 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை டர்போ மேலும் துணிந்தது. ஹீட் சிங்கும் குழாய்களும் குளிர்ந்திருக்கும்போது, அவை சூடாவதற்கு எடுத்துக்கொள்ளும் சில பத்து வினாடிகள் வரை, குளிர்விப்பு அமைப்பின் நிலையான தாங்குதிறனையும் மீறி மின்சாரம் உண்ண அது செயலியை அனுமதித்தது. அலுவலகப் பணிக்கு இது பெரும் வரம். ஒரு கோப்பைத் திறக்க இரண்டு வினாடி போதும். விளையாட்டில் அந்தக் கையிருப்பு முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஆட்டம் தொடங்கியபோது வழுக்கிக்கொண்டு ஓடிய காட்சிகள் சிறிது நேரத்தில் தடுமாறுவதற்குப் பல வேளைகளில் இதுவே விளக்கம். 2022இல் இன்டெல், மடிக்கணினிச் செயலிகளுக்கு ஒற்றை வாட் எண்ணைத் தருவதை விடுத்து அடிப்படைத் திறன், உச்சத் திறன் என இரண்டைத் தரலாயிற்று. அவ்வாண்டின் உயர்நிலைச் செயலிகள் பலவற்றில் அவை முறையே 45, 115 வாட்.

விளையாட்டு மடிக்கணினிகள் மெலிந்தது இந்த இடைவெளியைப் பெரிதாக்கியது. 2017 மே மாதம் என்விடியா அறிவித்த மேக்ஸ்-கியூ வடிவமைப்பு, கிராஃபிக்ஸ் செயலியின் மின்திறனைத் திட்டமிட்டே குறைத்து, மின்னழுத்தத்துக்கும் வேகத்துக்கும் இடையே அது மிகச் சிக்கனமாக இயங்கும் புள்ளியைத் தேர்ந்தது. 150 வாட் வரை உண்ட ஜிடிஎக்ஸ் 1080 சில்லு மெல்லிய கூடுகளில் 90 முதல் 110 வாட்டில் இயங்கியது. பொறியியல் நோக்கில் இது அறிவார்ந்த முடிவு. வாங்குவோர் நோக்கிலோ ஒரே பெயர் தாங்கிய இரு சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் ஓடலாயின. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட, ஆறு கருக்களுள்ள கோர் ஐ9 செயலியைக் கொண்ட மேக்புக் ப்ரோ, தொடர்பளுவில் தன் அடிப்படை வேகமான 2.9 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே சரிவதைப் பயனர்கள் சுட்டிக்காட்டினர். வெப்பத்தை மேலாளும் உள்மென்பொருளில் ஒரு குறை இருந்ததை ஏற்ற ஆப்பிள், அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. செம்பும் விசிறியும் மாறாமல் மென்பொருள் மட்டும் மாறியே வேகம் மீண்டது.

மின்னழுத்தத்தைத் தம் கையால் குறைக்கும் அண்டர்வோல்டிங் வழக்கம் விளையாடுவோரிடையே பரவியிருந்த காலமும் இதுவே. ஒரே அச்சில் வார்த்த சில்லுகளும் தரத்தில் சற்றே வேறுபடுவதால், அவற்றுள் மிகத் தாழ்ந்ததும் பிழையின்றி இயங்கும்படி ஆலையில் மின்னழுத்தம் தாராளமாக நிர்ணயிக்கப்படுகிறது. பெரும்பாலான சில்லுகளுக்கு அது தேவைக்கு மேற்பட்டது. 1.1 வோல்ட்டை 1.0 வோல்ட்டாகக் குறைத்தால், வேகம் மாறாமலேயே இயங்குதிறன் 17 விழுக்காடு இறங்குகிறது. செலவற்ற இந்த வழி 2019 டிசம்பரில் பெருமளவு அடைபட்டது. பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் நகரங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பிளண்டர்வோல்ட் என்னும் தாக்குதல் முறை, மென்பொருள் வழியே மின்னழுத்தத்தைக் கணநேரம் தாழ்த்திக் கணக்கில் பிழையை உண்டாக்கி, செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலுள்ள இரகசியங்களைக் கவரலாம் எனக் காட்டியது. இன்டெல் அளித்த திருத்தத்தோடு பல மடிக்கணினிகளில் மின்னழுத்தக் கட்டுப்பாடு பூட்டப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் அந்த முடிவைக் குறைகூற இடமில்லை. எனினும் தன் கணினியில் விளையாடுவதன்றி வேறெதுவும் செய்யாத பயனருக்கு, தேர்ந்தெடுக்கும் உரிமையையேனும் விட்டுவைத்திருக்கலாம்.

சில்லுக்கும் செம்புக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியை நிரப்பும் தெர்மல் பேஸ்ட்டும் இதே ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வருகையில் சில்லு விரிந்து சுருங்கிப் பேஸ்ட்டை ஓரங்களுக்குத் தள்ளிவிடுவதால், சில ஆண்டுகளில் நடுப்பகுதி வறண்டுபோகிறது. 2020இல் ஆசூஸ் நிறுவனம் தன் இன்டெல் வகை விளையாட்டு மடிக்கணினிகளில் காலியம் கலந்த திரவ உலோகத்தை ஆலையிலேயே இடத்தொடங்கியது. அது சாதாரணப் பேஸ்ட்டைப் பன்மடங்கு விஞ்சி வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனால் மின்சாரத்தையும் கடத்துவதோடு அலுமினியத்தை அரித்துவிடும் தன்மையும் உடையதாதலால், வீட்டில் இடுவோர் சிந்தாமல் காக்க வேண்டியதாகிறது. 45 டிகிரி அளவில் இளகி இடைவெளியெங்கும் பரவி, ஆறியதும் மீண்டும் கெட்டிப்படும் நிலைமாற்றத் தகடுகள், எளிதில் வெளித்தள்ளப்படாமையால் அண்மையில் வரவேற்புப் பெற்றுள்ளன.

இவ்வளவு முயற்சிக்கும் பின்னால் ஓர் எளிய உண்மை அசையாமல் நிற்கிறது: எந்த விசிறியும் சில்லை அறைக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. 25 டிகிரி ஆய்வறையில் 85 டிகிரியில் நின்ற செயலி, 37 டிகிரியில் வேகும் மே மாதச் சென்னை அறையில் அதே பளுவில் 97 டிகிரியை நெருங்கி, 100 டிகிரி எனப் பொதுவாக வகுக்கப்பட்ட திராட்லிங் எல்லையின் விளிம்புக்கே வந்துவிடும். ஆகவேதான் உலோக இதழ்களில் படிந்த தூசியை அகற்றுதல், காற்று புகும்படி பின்புறத்தை உயர்த்தி வைத்தல், மெத்தைமேல் வைக்காதிருத்தல், வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இடுதல், டர்போவை அணைத்தல் ஆகிய எளிய வழிகள் வெப்பநாடுகளில் கூடுதல் பலன் தருகின்றன. இவற்றுள் கடைசி இரண்டும் 2000ஆம் ஆண்டின் ஸ்பீட்ஸ்டெப் கணக்கையே பயனர் தம் கையால் மீண்டும் போடுவதாகும்.

2021இல் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற ஒரே பெயரில் 80 வாட் முதல் 150 வாட்டுக்கு மேற்பட்டது வரை மடிக்கணினிச் சில்லுகள் விற்பனைக்கு வந்து குழப்பம் முற்றிய பின்னர், ஒவ்வொரு கணினியிலும் அச்சில்லு பெறும் மின்திறனை வெளியிடுமாறு தயாரிப்பாளர்களிடம் என்விடியா கோரியது. அது காலம் கடந்த, ஆயினும் தேவையான சீர்திருத்தம். மையச் செயலியும் கிராஃபிக்ஸ் செயலியும் ஒருசேர உழைக்கையில், முதல் அரைமணிநேரம் கழிந்தபின், இன்ன வெப்பநிலையுள்ள அறையில் இவ்வளவு வாட்டைத் தாங்கும் என்ற எண்தான் விளையாடுவோருக்கு உண்மையில் வேண்டியது. அது இன்னும் பெட்டியின்மேல் அச்சிடப்படுவதில்லை.